முள் மெதுவாக இறங்கிய குளிர்காலம்

மேசா, அரிசோனா
பிப்ரவரி 9

தாய்ஸ்டோ,

நீ நான்கு முறை போன் செய்தாய். நான்கு முறையும் நான்தான் வைத்தேன். கை தவறி வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. இனிமேல் என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. எழுதும்போதாவது மனிதன் கொஞ்சம் யோசிப்பான்.

அப்பா போய் இன்றைக்கு இருபத்து நான்கு நாள். கண்ணை மூடினால் எனக்கு ஒரே காட்சிதான். சமையலறைச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிலவறை ஹீட்டரின் புகைக்குழாய், அதன் வாயை அடைத்துக்கொண்டு பனி. உள்ளே நாற்காலியில் அப்பா. வெளியே போக வழியில்லாமல் புகை வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. அந்த விஷத்துக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வந்தது மாதிரிதான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். ஆறுதலுக்காகச் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர் எழுதிய காகிதத்தை நானும் படித்தேன். “புகைக்குழாய் பனியால் மூடியிருந்தது.” அந்த வரியில் உன் பெயர் இல்லை. ஆனால் எனக்கு உன் பெயர்தான் தெரிகிறது.

நான் உன்னிடம் என்ன பெரிதாகக் கேட்டேன்? விலை ஏறுவதற்கு முன்னால், ஆகஸ்டிலேயே, குளிர்காலம் முழுமைக்குமான புரொப்பேன் கேஸுக்கு நான் பணம் கட்டினேன். ஜனவரியில் ஊரே விலையைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது அப்பாவின் டாங்க் நிரம்பி இருந்தது. இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு என்னால் அங்கே குளிரில் இருக்க முடியாது, அதனால் தூரத்திலிருந்து முடிந்ததைச் செய்தேன். நீ நான்கு மைல் தள்ளி இருக்கிறாய். உன்னிடம் கேட்டது ஒன்றுதான். பனி கொட்டினால் போய் அந்தக் குழாயின் வாயைப் பார்த்துவிட்டு வா.

நீ பனி வாருகிற வண்டி ஓட்டுகிறவன். வட்டாரத்தில் உள்ள எல்லா ரோட்டுப் பனியையும் தள்ளுகிறாய். பெற்றவர் வீட்டுச் சுவரோரம் ஒரு மண்வெட்டிப் பனியைத் தள்ள உனக்கு நேரம் வரவில்லை.

மண் கல்லாக இறுகிக் கிடந்ததால் அப்பாவின் பெட்டியைக் கல்லறைத் தோட்டத்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். மே மாதம் மண் இளகியதும் அடக்கம் செய்யும்போது நான் வருவேனா என்று பக்கத்து வீட்டு லெம்பியிடம் கேட்டாயாமே. நீ இருக்கிற இடத்துக்கு வர எனக்கு மனம் இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

இர்யா


நிஸ்காலா ரோடு, மினசோட்டா
பிப்ரவரி 17

அக்கா,

கடிதம் வந்தது. நீ எழுதியது சரி. பனி கொட்டிய அந்த வியாழக்கிழமை நான் போயிருக்க வேண்டும். போகவில்லை.

வீட்டு நிலவரம் சொல்கிறேன். தண்ணீர்க் குழாய்கள் வெடிக்காமல் இருக்க ஹீட்டரைக் குறைவாக வைத்து ஓடவிட்டிருக்கிறேன். ஆள் வந்து பார்த்தார், ஒழுங்காக எரிகிறது என்றார். டாங்கில் கேஸ் அளவு காட்டுகிற முள் முப்பத்தெட்டு சதவீதத்தில் நிற்கிறது. வீட்டை மூடினால் டாங்கை எடுத்துப் போய்விடுவோம், அது எங்களுடையது, மிச்ச கேஸுக்குக் காசு திரும்பாது என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். அதனால் எரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய் டாங்கின் மூடியைத் தூக்கி முள்ளைப் பார்க்கிறேன். அப்பா செய்தது மாதிரி. பார்த்துவிட்டு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

உன் மூச்சு எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லை.

அடக்கம் மே பதினேழு வாக்கில் இருக்கும் என்கிறார் குழி வெட்டுகிறவர். நீ வர வேண்டும். நான் இருப்பதுதான் பிரச்சினை என்றால் நீ கிளம்பிய பிறகு வந்து மண் போடுகிறேன்.

தாய்ஸ்டோ


மேசா
மார்ச் 2

தாய்ஸ்டோ,

“நீ எழுதியது சரி.” இதுதான் பதிலா? நான் மூன்று பக்கம் திட்டுகிறேன், நீ வானிலை அறிக்கை மாதிரி முள் முப்பத்தெட்டு என்கிறாய். சின்ன வயதிலிருந்தே உன்னோடு சண்டை போடக்கூட முடியாது. சுவரோடு சண்டை போட்டால் சுவராவது எதிரொலிக்கும்.

முள் என்றதும் அழுகை வந்தது. ஞாயிறு தவறாமல் அப்பா போன் செய்வார். நலமா என்று கேட்க மாட்டார். “இன்னிக்கு எழுபத்தொண்ணு” என்பார். அதுதான் அவருக்கு நலம் விசாரிப்பு. அக்டோபரில் நான் அங்கே வந்து இரண்டு வாரம் இருந்தது அந்த எண்ணுக்காகத்தான். அதற்கு முந்தைய குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? கேஸ் தீர்ந்துவிடும் என்று பயந்து மாடியை மூடி, முன்னறையை மூடி, கடைசியில் சமையலறையில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தாராம். எண்பத்தெட்டு வயது மனிதர். லெம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை.

அதனால்தான் இழுக்கிற மூச்சோடு ஏணியில் ஏறினேன். ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன். கதவடிச் சந்துகளை அடைத்தேன். நிலவறையில், ஹீட்டர் பக்கத்துச் சுவரில், வெளிக்காற்று நேராக உள்ளே வருகிற ஒரு குழாய் வாயைத் திறந்துகொண்டு இருந்ததே, அதையும் விடவில்லை. கையை வைத்தால் விறைத்துப்போகும், அப்படி ஒரு காற்று. எந்த மடையன் இந்தக் குளிரில் வீட்டுக்கு ஓட்டை போட்டான் என்று திட்டிக்கொண்டே அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையைச் சுருட்டி அதற்குள் இறுக அடைத்தேன். மறு வாரமே வித்தியாசம் தெரிந்தது. அப்பா போனில் சிரித்தார். “முள் தூங்குதுடி இர்யா. நேத்து எங்க இருந்துச்சோ இன்னிக்கும் அங்கயே படுத்துக் கெடக்கு” என்றார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான்.

சாவுச் சாப்பாட்டின்போது லெம்பிகூட என்னிடம் கேட்டாள், கேஸ் விற்கிற விலைக்கு என்னதான் செய்வது என்று. நான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். அழுதுகொண்டே சொன்னேன். நாம் செய்தது இன்னொருத்திக்காவது உதவட்டுமே.

இவ்வளவையும் இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறவள் செய்தேன். நீ என்ன செய்தாய் என்று மட்டும் எனக்கு எழுது.

இர்யா


நிஸ்காலா ரோடு
மார்ச் 13

அக்கா,

பதில் எழுதத் தாமதம். இந்த வாரம் மறுபடி பனி. வண்டியிலேயே சாப்பாடு, வண்டியிலேயே தூக்கம்.

நீ அப்பாவுக்குச் செய்தது எதற்கும் நான் ஈடு சொல்ல வரவில்லை. ஜன்னல் தாளெல்லாம் கிழித்துவிட்டேன். மற்றதையும் எடுத்துவிட்டேன். வீட்டைச் சீக்கிரம் விற்றுவிடலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நிலவறையில் செய்த வேலையைப் பற்றி இனி யாரிடமும் பேச வேண்டாம். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும். பனி மூடியிருந்தது. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. நீயும் அதையே வைத்துக்கொள்.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்பாவின் பனிச் சறுக்கு வண்டி கொட்டகையில் கிடக்கிறது. அரிசோனாவில் அதை ஓட்டுவாயா? தாத்தா காலத்து இரும்பு, மணலிலும் போகும்.

தாய்ஸ்டோ


மேசா
ஏப்ரல் 4

தாய்ஸ்டோ,

சறுக்கு வண்டி ஜோக்கைப் படித்து ஒரு கணம் சிரித்தேன். அப்புறம் அந்தக் கடிதத்தை மறுபடி படித்தேன். “நீயும் அதையே வைத்துக்கொள்.” உண்மையைச் சொல்கிறவன் இப்படி எழுத மாட்டான். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

நேற்று லெம்பிக்குப் போன் செய்தேன். வேறு எதற்கோதான் செய்தேன், பேச்சுவாக்கில் கேட்டேன், கேஸ் கொஞ்சமாவது மிச்சமாகிறதா என்று.

“எங்க மிச்சம். நடுங்கிக்கிட்டுதான் கெடக்கேன். நான் அடைச்ச தலையணையைத்தான் உன் தம்பி அன்னிக்கே புடுங்கிப் போட்டுட்டானே, ஒனக்குத் தெரியாதா?” என்றாள்.

என்றைக்கு என்று கேட்டேன்.

“சாவுச் சாப்பாட்டு அன்னிக்குத்தான்டி. நீ சொன்னியேன்னு வந்ததும் வராததுமா தலையணையத் திணிச்சேன். நீ எனக்குச் சொன்னதை அவனும் கேட்டிருக்கான் போல, சாயங்காலம் வந்து நிக்கிறான். கறுப்புக் கோட்டைக்கூடக் கழட்டல. ஒண்ணும் பேசாம நேரா நிலவறைக்கு எறங்கிட்டான். ‘லெம்பியக்கா, இது ஹீட்டர் மூச்சு விடற வழி. எரியறதுக்கு அதுக்குக் காத்து வேணும். இதை அடைச்சா, தான் விட்ட புகையையே வீட்டுக்குள்ள திரும்ப இழுக்கும். ஆளே போயிடும்’னான். எனக்கு உசிரே நின்னுபோச்சு. போகும்போது கையைப் புடிச்சுக்கிட்டு, ‘அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ன்னான். எதுக்குன்னு அப்ப வெளங்கல. இப்ப சொல்லிட்டேனே, தப்பாடி?”

 போனை வைத்துவிட்டு உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

நேராகக் கேட்கிறேன். அப்பா போன அன்று காலை நீ உள்ளே போனபோது அந்தச் சட்டை குழாயில் இருந்ததா?

எனக்கு ஆறுதல் எழுதாதே. என் நெஞ்சு தாங்குமா தாங்காதா என்று யோசிக்காதே. அறுபத்தாறு வருஷம் தாங்கிய நெஞ்சு. பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும், அப்புறம் எனக்கு அப்பாவும் இல்லை, தம்பியும் இல்லை.

என் கையாலேயே அடைத்தேனா, தாய்ஸ்டோ? சுருட்டிச் சுருட்டி, காற்று துளி வராமல்?

இர்யா


நிஸ்காலா ரோடு
ஏப்ரல் 12

அக்கா,

ஆமாம். இருந்தது.

இதை மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் மேசை மேலேயே கிடந்தது. பிறகு பிரித்துவிட்டேன். மீதியையும் சொல்லாமல் அனுப்பினால் அது இன்னொரு பொய்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு அப்பாவைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் தலை சுற்றியது. ஜன்னல்களை உடைத்தேன். அப்பா நாற்காலியில் இருந்தார். கையைத் தொட்டுப் பார்த்தேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. விஷப்புகை வந்தால் அடிக்கிற மணி ஒன்று நான் வாங்கி மாட்டியிருந்தேன். கேஸ் விலை கேட்பதற்காக அதன் பேட்டரியைக் கழற்றி ரேடியோவில் போட்டிருக்கிறார்.

நிலவறைக்கு இறங்கி ஹீட்டரை அணைத்தேன். சட்டையை உருவினேன். இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. வெளியே போய்ப் புகைக்குழாயைப் பார்த்தேன். அது மூடியிருக்கவில்லை, அக்கா. காற்று பனியை ஒதுக்கிவிட்டிருந்தது, வாய் திறந்துதான் இருந்தது. நான்தான் காலால் பனியைத் தள்ளி மூடினேன். அதற்குப் பிறகுதான் ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் செய்தேன்.

உனக்காகச் செய்தேன் என்று நினைப்பாய். லெம்பியும் அப்படித்தான் நினைக்கிறாள், தேவாலயத்தில் என்னைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நவம்பரில் ஹீட்டரின் வடிகட்டியை மாற்ற நிலவறைக்கு இறங்கினேன். அப்போதே அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டேன். எந்த மடையன் ஓட்டை போட்டான் என்று கேட்டிருந்தாயே, போட்டது நான். ஹீட்டர் வைத்த நாளில் அந்த ஆளுக்கு உதவியாக நான்தான் சுவரைத் துளைத்தேன். “என்ன வேணா பண்ணுங்க, இதை மட்டும் அடைச்சிடாதீங்க” என்று அவர் சொன்னது என்னிடம்.

சட்டையை உருவக் கையை வைத்துவிட்டேன். அது ஞாயிற்றுக்கிழமை. மேலே அப்பா உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். முள் தூங்குதுடி என்று சொல்லிச் சிரித்தாரே, அதை நான் கீழே நின்று கேட்டேன். எனக்கும் அந்தச் சிரிப்பு கேட்டு எத்தனையோ வருஷம். சட்டையை எடுத்தால் முள் மறுபடி வேகமாக இறங்கும், அப்பா மறுபடி கோட்டும் தொப்பியுமாக உட்காருவார். உன்னிடமும் சொல்ல வேண்டும், நீ கத்துவாய், என்னத்தைத்தான் நான் உருப்படியாகச் செய்தேன் என்பாய். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே வந்துவிட்டேன். அப்பா காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமும் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. வண்டி ஓட்டும்போதெல்லாம் ஞாபகம் வந்தது. இத்தனை வாரம் ஒன்றும் ஆகவில்லையே, இனியும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிசம்பரிலும் அதையே சொன்னேன்.

நீ தெரியாமல் அடைத்தாய். நான் தெரிந்தே விட்டுவைத்தேன். பனி என்று எழுதவைத்தது பொய்தான். ஆனால் பழி விழ வேண்டியவன் மேல்தான் விழுந்தது. அதனால்தான் நீ திட்டத் திட்ட எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது உனக்கு எல்லாம் தெரியும். நீ அடக்கத்துக்கு வராவிட்டால் ஏன் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

தாய்ஸ்டோ


மேசா
ஏப்ரல் 25

தாய்ஸ்டோ,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. நான்காம் நாள் உன்னைத் திட்டி ஆறு பக்கம் எழுதினேன். கிழித்தேன். ஐந்தாம் நாள் உன்னைத் தேற்றி எழுதினேன். அதையும் கிழித்தேன். இது மூன்றாவது.

தெரிந்தே விட்டுவைத்தாய் என்று படித்தபோது உன்னைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. அதை மறைக்க மாட்டேன். கையை வைத்தாயே, பாவி. ஒரு இழுப்பு இழுத்திருக்கக் கூடாதா?

ஆனால் நான் கத்துவேன் என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கத்தியிருப்பேன். நான் நுரையீரலை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன், நீ எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டாயா என்று ஊருக்கே கேட்கும்படி கத்தியிருப்பேன். நீ சொல்ல வந்ததைக் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டேன். உனக்கு அது தெரியும். அறுபத்தோரு வயதில் அக்காவுக்குப் பயந்து நிலவறைப் படியில் நின்றாயே, உன்னை அப்படி நிற்க வைத்தது யார்? சட்டையை மட்டுமா நான் அடைத்தேன் என்று இந்த எட்டு நாளும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. என்னையே இன்னும் மன்னிக்கவில்லை, உன் முறை எப்போது வருமோ. ஆனால் இதை நான் வேறு யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? கேட்டால் எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள். எனக்கு அது வேண்டாம். அந்தச் சட்டையின் எடை தெரிந்த கை இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது.

வருகிறேன். பதினான்காம் தேதி விமானம். மூச்சுக்கு ஒரு ஆக்ஸிஜன் கருவியும் கூடவே வரும், பயப்படாதே. விடுதி வேண்டாம். உன் வீட்டில் தங்குகிறேன்.

இரண்டு விஷயம் முடிவு செய்திருக்கிறேன். நீ தடுக்கப் பார்க்காதே. ஷெரிஃப் ஆபீஸுக்குப் போய் அந்த வரியைத் திருத்தச் சொல்ல வேண்டும். உனக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வருவதும் வரட்டும். சேர்ந்தே போவோம். அடக்கம் முடிந்து தேவாலயத்தில் காப்பி கொடுக்கும்போது நான் எழுந்து நின்று எல்லோரிடமும் சொல்லப்போகிறேன், என்ன செய்தேன் என்று. நம் பக்கத்தில் நிலவறைக்கு நிலவறை அந்தக் குழாய் இருக்கிறது. கேஸ் இந்த விலை விற்றால், அதில் துணி திணித்தவள் லெம்பி ஒருத்தியாகவா இருப்பாள்? என் வாயால் சொன்னால் நம்புவார்கள். நான் முடித்த பிறகு நீ உன் பங்கைச் சொல்ல எழுந்தால் உன்னை உட்காரச் சொல்ல மாட்டேன்.

டுலூத் விமான நிலையத்துக்கு நீயே வா. லெம்பியை அனுப்பாதே. என்னைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று இப்போதிருந்தே யோசித்து வைக்காதே, உனக்கு அது வராது. வழியெல்லாம் நான் அழுவேன். வண்டியை நிறுத்தாதே. ஓட்டிக்கொண்டே இரு.

அக்கா